துணைக்கு வைத்த நீலம்

எங்கள் மேடம் எதையும் தனியாக வைத்துப் பார்க்க மாட்டார். பக்கத்தில் இன்னொன்றை வைத்துத்தான் பார்ப்பார்.

ஒருநாள் காலையில் வாட்ச்மேன் அண்ணன் காய்ச்சல் என்று லேப் வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் தெர்மாமீட்டர் கேட்டார். நான் எடுத்து வந்து அண்ணனின் அக்குளில் வைக்கப் போனேன். "இரு" என்று அதைப் பிடுங்கி, ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த செல்வத்திடம் நீட்டினார். செல்வம் என்னோடு வேலை பார்த்த டெக்னீசியன்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு மேடம்."

"அதுக்குத்தான்டா உனக்கு வைக்கச் சொல்றேன். நல்லா இருக்கவனுக்கு இது என்ன காட்டுதுன்னு தெரிய வேணாமா?"

செல்வம் ஒரு கையில் டீயும் அக்குளில் தெர்மாமீட்டருமாக நின்றான். அவனுக்குச் சரியாகக் காட்டிய பிறகுதான் அண்ணனுக்கு முறை வந்தது. "மேடம்கிட்ட காய்ச்சல்னு போனா, ஊரே வரிசையில நின்னு முடிச்சப்புறந்தான் காய்ச்சக்காரனுக்கு" என்று செல்வம் பின்னால் போய்ச் சொல்லிச் சிரித்தான். மேடம் காதிலும் விழுந்தது. அவர் எதையும் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

திராட்சை வாங்கப் போனாலும் இதே கதைதான். ஒரு கடையில் ஒரு பழத்தை வாங்கி வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். அங்கே ஒன்று வாங்கி, இரண்டையும் அடுத்தடுத்துத் தின்று பார்ப்பார். "அம்மா, திராட்சை வாங்குறியளா, இல்ல பொண்ணு பாக்குறியளா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டே விட்டார். மேடம் அவரிடமே ஒரு கிலோ வாங்கினார்.

தேனியில் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தது எங்கள் லேப். ஆஸ்பத்திரிகளில் வெட்டியெடுக்கும் சதைத் துண்டுகள் பார்மலின் டப்பாக்களில் எங்களிடம் வரும். நானும் செல்வமும் அவற்றை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்போம். மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்னது என்று எழுதுவார். அவர்தான் அங்கே என்ன நோய் என்று சொல்லும் டாக்டர். ராயப்பன்பட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கழுத்தில் மெல்லிய செயினில் ஒரு சிலுவை, கஞ்சி போட்ட காட்டன் சேலை, மத்தியானம் தூக்குவாளியில் சாதம். மதுரையில் படித்து எத்தனையோ ஊரில் வேலை பார்த்திருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. நோயாளியின் வீட்டு ஆட்கள் மாடியேறி வந்து, "என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டால், "உங்க டாக்டரு சொல்லுவாக, அங்கன போய்க் கேளுங்க" என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லி அனுப்பிவிடுவார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

உடம்புக்குள் வழவழப்பு மூக்கில் மட்டும் இருப்பதில்லை. வயிறும் குடலும் பித்தப்பையும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சளியைச் சுரக்கின்றன. மியூசின் என்று பெயர். நாங்கள் எல்லாத் துண்டுக்கும் வழக்கமாகப் போடும் ரோஸும் ஊதாவுமான சாயத்தில் அது பிடிபடாது, வெளிறிய இடமாகக் கிடக்கும். அது கொழுப்பா மியூசினா என்று சந்தேகம் வந்தால் அதற்கென்று தனிச் சாயம் போட வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு நீலச் சாயம். மியூசின் இருந்தால் நீலம் பிடிக்கும். இல்லாவிட்டால் பிடிக்காது. மற்ற இடங்கள் தெரிவதற்காக மேலே ஒரு சிவப்பு போடுவோம். அவை ரோஸாக நிற்கும்.

நீலம் பிடிக்கவில்லை என்றால் மியூசின் இல்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. சாயமே கெட்டுப் போயிருக்கலாம். அதனால் மியூசின் நிறைய இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு துண்டைக் கூடவே வைத்து, ஒரே சாயத்தில், ஒரே நேரத்தில் முக்கியெடுக்க வேண்டும். அது நீலமானால் சாயம் நல்ல சாயம். புத்தகத்தில் இதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். மேடம் வாயில் அது துணை. "துணை வச்சியா?" என்று கேட்காமல் ஒரு ஸ்லைடைக் கையில் வாங்கியதில்லை.

எங்கள் துணை, சின்னமனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் பெருங்குடல் துண்டு. எப்போதோ ஆபரேஷனில் எடுத்ததாம். பெயர் கிடையாது, மெழுகுக் கட்டியின் ஓரத்தில் ஒரு நம்பர் மட்டும். யாருடைய வயிற்றுக்கோ பித்தப்பைக்கோ சந்தேகம் வந்தால் அவரும் ஒரு சீவல் கூடப் போவார். எப்போது போனாலும் நீலமாகத் திரும்பி வருவார்.

என் வீட்டுக்காரருக்கு இந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்பதில் அலாதி சந்தோஷம். அவர் ஜீப் ஓட்டினார். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, கம்பத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு, குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். நான் தேனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "ஏ புள்ள, உங்க மாப்பிள்ளத் தோழன் இன்னைக்கு எத்தன வீட்டுக்குப் போனாரு?"

"ரெண்டு வீட்டுக்கு."

"சாப்பாடு போட்டாகளா?"

"நீலமாப் போட்டாக."

இதற்கே ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு சிரிப்பார். மலையில் பழகிய மலையாளத்தில், "எந்தா கதை" என்று தலையில் தட்டிக்கொள்வார். எளிதில் சிரிக்கிற மனுசன்.

ஒரு சித்திரையில் நாங்களும் செல்வம் குடும்பமும் மேடத்தை வீரபாண்டித் திருவிழாவுக்குக் கூட்டிப்போனோம். கோயிலுக்கு உள்ளே வரவில்லை. வெளியே கடைவீதியில் எங்களோடு நடந்தார். வளையல் கடையில் ஒரு ஜோடியை எடுத்து என் சேலையின் முந்தானையில் வைத்துப் பார்த்தார். பிறகு செல்வத்தின் மனைவியின் ரவிக்கைக் கையருகே வைத்துப் பார்த்தார்.

"இது நீலமா, சாம்பலா?"

"நீலந்தான் மேடம். நல்ல மயில்கழுத்து நீலம்" என்றேன்.

"நீங்க சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவரும் நீலம் என்றார். கடைக்காரனையும் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வளையலுக்கும் துணை வைக்கிறாரே என்றுதான் நினைத்தோம். அதற்குமேல் நினைக்க என்ன இருந்தது?

இப்படி ஒரு பழக்கம் ஒருவரிடம் இருந்தால் அதற்குப் பின்னால் பெரிய சம்பவம் ஏதாவது இருக்கும் என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"முந்தி எப்பவாச்சும் துணை வைக்காம ஏமாந்துட்டியளா மேடம்?"

"இல்லையே."

"பெறகு ஏன் இம்புட்டுப் பிடிவாதம்?"

"காலேசுல சொல்லிக் குடுத்தாக. எல்லாருக்குந்தான் சொல்லிக் குடுத்தாக. மத்தவக மறந்துட்டாக, அம்புட்டுத்தான்." மோரை ஊற்றிப் பிசைந்தார். "ஊறுகா வச்சிருக்கியா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தப் பதில்தான் மேடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பாதி.

வீட்டுக்காரருக்கு வயிற்றில் எரிச்சல் வெகுநாளாக இருந்தது. ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அது இல்லாவிட்டால்தான் அதிசயம். நேரங்கெட்ட நேரத்தில் பரோட்டா, மலையில் பால் இல்லாத கட்டன்சாயா. மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் வரும். பிறகு சாப்பாடு பாதியிலேயே போதும் என்று கையைக் கழுவத் தொடங்கினார். இடுப்பில் பெல்ட் ஒரு துளை உள்ளே போனது. தேனியில் ஒரு டாக்டர் வாய்வழியாகக் குழாய்விட்டுப் பார்த்து, வயிற்றின் உள்சுவரில் சந்தேகமான இடத்திலிருந்து பொட்டுப் பொட்டாகச் சதை கிள்ளி எடுத்தார். அந்த டப்பா எங்கள் லேபுக்கே வந்தது. வேறு எங்கே வரும்?

பெயரைப் பார்த்ததும் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"இத செல்வம் பண்ணட்டும்."

"நானே பண்ணுறேன் மேடம்."

என் முகத்தைப் பார்த்தார். நானே பதித்து, நானே சீவி, வழக்கமான சாயத்தைப் போட்டுக் கொடுத்தேன். கை நடுங்கியதா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. எல்லா நாளையும் போலத்தான் இருந்தது. அது எனக்கே விளங்கவில்லை.

மேடம் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, மற்றவர்களுக்குச் சொல்வதில்லை என்று வைத்திருந்ததை எனக்குச் சொன்னார். கிள்ளிய துண்டு ரொம்பச் சிறியது, கொஞ்சம் நசுங்கியும் இருக்கிறது. அதற்குள் வெளிறி உப்பிய செல்கள் சில இருக்கின்றன. கொழுப்பைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் செல்கள் அப்படி இருக்கும், அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. மியூசினை வயிறு நிறைய அடைத்துக்கொண்டு கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்ட செல்களும் அப்படி இருக்கும், பார்க்க மோதிரம் மாதிரி. அவை கெட்டவை. புற்றுநோய்.

"எதுன்னு இதுல சொல்ல முடியல. நீலம் போடு. துணை வச்சுப் போடு."

அன்றைக்கு ஒரு மனுசனின் விதி ஒரு நிறத்தில் இருந்தது. நீலம் வந்தால் போச்சு, வராவிட்டால் பிழைத்தார். இவ்வளவு எளிதாக எதையும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

போட்டேன். நீலத்தில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, சிவப்பில் முக்கி எடுத்து, காயவைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை ஒட்டினேன். மேடத்திடம் கொண்டு போவதற்கு முன் டெக்னீசியன்கள் பார்க்கும் சின்ன மைக்ராஸ்கோப்பில் வீட்டுக்காரருடைய ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். ரோஸ். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறும் ரோஸ். ஒரு பொட்டு நீலம் இல்லை. கண்ணை எடுத்து, துடைத்து, மறுபடி பார்த்தேன். ரோஸ்தான். எனக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. செல்வம் இருந்தான், அவனைக் கட்டிப்பிடிக்க முடியாது. மலையிலிருந்து ஒரு ஜீப் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன்.

ட்ரேயை மேடம் முன்னால் வைத்து, "நீலம் இல்ல மேடம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மேடம் வீட்டுக்காரருடைய ஸ்லைடைப் பார்த்தார். எடுத்தார். இன்னொன்றை வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"துணையப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அது நினைவுக்கே வரவில்லை.

"பெரியவரும் ரோசாத்தான் இருக்காரு" என்றார் மேடம்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல நின்றேன். "ஆனா அவுகளுதுல நீலம் இல்லைல்ல மேடம்?"

"துணையிலயும் இல்லையே ஆத்தா. இதுக்கு அர்த்தம் கெடையாது."

"கொழுப்புதான்னு எழுதலாம்ல?"

"சாயம் செத்துப் போச்சு. புதுசாக் கலக்கிப் போடு."

சாயப் பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் மேற்கு வெயில் விழும் இடத்தில் எத்தனை நாளாக இருந்ததோ. கண்ணுக்கு நீலமாகத்தான் இருந்தது. அடியில் வண்டல் கட்டியிருந்தது. அந்த லேபில் அந்தப் பாட்டிலை அங்கே வைக்காதவர் யாருமில்லை, அதனால் யாரைத் திட்டுவது?

மேடத்தின்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். பாட்டில்மேல் வரவில்லை, நோய்மேல் வரவில்லை, அவர்மேல் வந்தது. பெரியவரைத் துணைக்கு அனுப்பச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ரோஸ் எனக்குச் சொந்தமாகியிருக்கும். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள். அந்த மத்தியானம் எனக்கு அது போதுமாக இருந்தது.

புதுச் சாயத்தூளை எடுத்து ஆசிட்டில் கரைத்தேன். அது வினிகர் வாடை அடிக்கும். வடிகட்டும் தாளில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் இடத்தில் வேறு எதுவும் வரவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அந்த மரமரப்பு நீங்க ரொம்பக் காலம் ஆயிற்று.

இரண்டாவது முறை நான் பார்க்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தேன்.

மேடம் முதலில் துணையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு வீட்டுக்காரருடையதை வைத்தார். ஸ்லைடை மெல்ல நகர்த்தினார், ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். விளக்கைக் கூட்டினார், குறைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நீ பாரு."

"நான் எதுக்கு மேடம்?"

"பாத்துச் சொல்லு. நடுவுல இருக்குறது என்ன நிறம்?"

உட்கார்ந்தேன். ரோஸுக்கு நடுவே சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றிரண்டாகவும் கூட்டமாகவும் கிடந்தன. கரு ஓரமாக ஒதுங்கி, உள்ளே நிறைந்து.

"நீலந்தான் மேடம்."

"நிச்சயமா?"

"நீலந்தான்."

என் குரல் சாதாரணமாக இருந்தது. பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லி டிக்கெட் வாங்குகிற குரல். மேடம், "சரி" என்று சொல்லிவிட்டு ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டு மதுரையில் தனக்குத் தெரிந்த டாக்டருக்கும் அனுப்பினார். மறுநாள் மதுரையும் அதையே சொன்னது. ஆனால் முதலில் சொன்னது நான். தாலி கட்டியவருக்கு வந்த நோயின் பெயரைத் தாலி கட்டிக்கொண்டவள் வாயாலேயே சொல்லவைக்கும் பழக்கம் எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் மேடத்திடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. அதையும் அவர் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தேனியிலேயே ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். எடுத்த பகுதியும் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. அப்போது நான் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே இருந்தேன். மேடமும் செல்வமும் பார்த்துக்கொண்டார்கள். தையல் காய்வதற்குள் வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்துவிட்டது. பார்க்க வந்த மேடத்தைப் பார்த்து, "என் வயிறு உங்ககிட்டத்தான இருக்கு? பத்திரமா வச்சிருக்கியளா?" என்றார்.

"இருக்கு தம்பி."

"அந்த மாப்பிள்ளத் தோழன் தீந்துட்டாருன்னா என்னைய வச்சுக்கங்க மேடம். நாலு வீட்டுக்குப் போய்ட்டு வாரேன். வண்டி ஓட்ட இனிமே முடியாதாம்."

நான் அவர் வாயைப் பொத்தப் போனேன். மேடம் சிரிக்கவில்லை. யோசித்தார், அவரிடம் எனக்கு அதுதான் பயம். "குடலு சுலபமா நீலமாயிரும். சாயம் அரைகுறையா இருந்தாலும் ஆயிரும். உங்களுது கஷ்டம். கஷ்டமானது துணைக்கு இருக்குறது நல்லதுதான். ஆனா சீவுறது உங்க வீட்டுக்காரி. அவட்டக் கேட்டுக்கங்க" என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு திராட்சைப் பருவம் இருந்தார். மெலிந்து, குறைந்து, சிரிப்பை மட்டும் விடாமல் இருந்தார். பிறகு இல்லை. அன்றைக்கு வந்தவர்கள் அழுதார்கள், மலையில் வேலை செய்யும் பெண்கள் ஜீப் நிறைய வந்து அழுதார்கள். நான் யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் மணி கேட்டார். எங்கள் கடிகாரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போகும்போது என் தோளில் கைவைத்தார். அன்றைக்கு வந்தவர்களில் ஒன்றும் சொல்லாத ஒரே ஆள் அவர். என்னைச் சொல்லவைத்ததற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றே போய்விட்டது என்று நினைக்கிறேன்.

வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் பெரியவரை மெஷினில் மாட்டிச் சீவினேன், வெறும் மெழுகுதான் வந்தது. அவர் முடிந்துவிட்டார். மேடத்திடம் சொன்னேன்.

"அப்பெண்டிக்ஸ் ஒண்ணு எடுத்துக்க, அதுலயும் மியூசின் இருக்கு. தெனமும் வருதுல்ல" என்றார். என் வீட்டுக்காரர் கேட்டதை அவர் மறந்திருக்க மாட்டார், எதையும் மறக்கிறவர் இல்லை.

நான் அலமாரியைத் திறந்து அப்பெண்டிக்ஸ் எதையும் எடுக்கவில்லை. வீட்டுக்காரரின் மெழுகுக் கட்டியை எடுத்தேன். பனிக்கட்டியில் வைத்துக் குளிரவைத்து, மெஷினில் மாட்டி, சீவினேன். மெல்லிய நாடாவாக வந்தது, வெந்நீரில் மிதக்கவிட்டேன், சுருக்கம் நீங்கி விரிந்தது. ஏதாவது தோன்றுகிறதா என்று எனக்குள் பார்த்தேன். தோன்றவில்லை. அன்று சாயந்திரம் போடியிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய வயிற்றுத் துண்டோடு அவர் துணைக்குப் போனார். மேடம் ட்ரேயில் நம்பரைப் பார்த்தார்.

"வேணாம்னா வேணாம், ஆத்தா."

"இருக்கட்டும் மேடம்."

அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. செல்வம் மட்டும் அந்தக் கட்டியைத் தொடும்போது செருப்பைக் கழற்றிவிடுவான். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவேன்.

ஒரு மழைநாள். மேடம் என்னையும் செல்வத்தையும் கூப்பிட்டார். துணை ஸ்லைடு மைக்ராஸ்கோப்பில் இருந்தது.

"சாயம் எப்பக் கலக்குனது?"

"நேத்துதான் மேடம்."

"பாருங்க."

செல்வம் பார்த்தான். நான் பார்த்தேன். நல்ல நீலம். அப்படியே சொன்னோம்.

"எனக்குச் சாம்பலாத் தெரியுது" என்றார் மேடம்.

அவர் மேஜையில் இருந்த ஸ்லைடுகள் எல்லாவற்றையும் அடுக்கிப் பெட்டியில் வைத்தார், அன்றைக்குப் பார்த்து முடித்தவற்றையும் சேர்த்து. "எல்லாத்தையும் மதுரைக்கு அனுப்பு. நான் எதுலயும் கையெழுத்துப் போடல" என்றார். மைக்ராஸ்கோப்புக்கு உறையை மாட்டினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கண்ணில் புரை வளர்ந்திருந்தது. புரை வந்தால் நீலம்தான் முதலில் மங்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் புரை இருக்கிறவருக்கே தெரியாதாம். மேடத்துக்கு மட்டும் ஏதோ ஒரு சந்தேகம் முன்பே இருந்திருக்கிறது. வளையல் கடையிலேயே இருந்திருக்கிறது.

அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார். மேடம் மதுரையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, மகள் வீட்டோடு திருச்சிக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டோம். போவதற்கு முன் ஒருநாள் லேபுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கஞ்சி போட்ட சேலை அதே மொடமொடப்பு. புது டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம்.

"உன் வீட்டுக்காரர எடு" என்றார்.

முந்தின நாள் போட்ட துணை ஸ்லைடு இருந்தது. கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இம்புட்டு நீலமாவா இருந்துச்சு?" என்றார் கண்ணை எடுக்காமல்.

நான் ட்ரேயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"இவர மொதல்ல பாத்த அன்னைக்கு எனக்குச் சாம்பலுக்கும் நீலத்துக்கும் நடுவுல ஒண்ணாத் தெரிஞ்சது. கண்ணு சரியில்லையோன்னு தோணுச்சு. செல்வம் அதுக்குள்ள வீட்டுக்குக் கெளம்பிட்டான். வேற யாரு இருந்தா, நீதான் இருந்த." நிமிர்ந்தார். "உங்கிட்டக் கேட்டுருக்கக் கூடாது. வேற வழி தெரியல எனக்கு."

அத்தனை வருடத்தில் மேடம் எனக்குச் சொன்ன ஒரே ஆறுதல் என்றால் அதுதான். எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். பழக்கம்.

"பாத்துச் சொல்லு. இதே நீலந்தானா, இல்ல புதுக் கண்ணு கூட்டிக் காட்டுதா?"

உட்கார்ந்து குனிந்தேன். தினமும் பார்க்கிற வட்டங்கள்தான். தினமும் சீவுகிற ஆள்தான். ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு சிரிக்கிற ஆள். வாயைத் திறந்தேன். அன்றைக்கு டிக்கெட் வாங்குகிற குரலில் வந்த அந்தச் சொல் வரவில்லை. நீலம் கலங்கி ரோஸில் ஓடியது. எதுவும் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி நனைந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

மேடம் காத்திருப்பார் என்று நினைத்தேன். அவர் எப்போதும் காத்திருப்பவர்.

என் தோளில் கை விழுந்தது. மறு கை நீண்டு விளக்கை அணைத்தது.

"நீ சொல்ல வேணாம் ஆத்தா" என்றார். "எனக்கே தெரியுது."